ஆர்கேட் டோக்கனும் கேமுக்குள் சேர்க்கும் நாணயமும் ஒன்றுதானா?

கேள்வியில் கேட்டிருப்பது இது: ஆர்கேட் மெஷினில், அதாவது கடைகளில் காசு போட்டு ஆடும் வீடியோ கேம் பெட்டியில், போடும் டோக்கனும், மரியோ மாதிரி கேம்களில் ஓடி ஓடிச் சேர்க்கும் நாணயமும் ஒரே வகைதானே?

இல்லை என்றுதான் சொல்வேன். இரண்டையும் சின்ன வயதிலேயே பார்த்தவன் நான்.

தொண்ணூறுகளின் நடுவில் நாகர்கோவில் வடசேரிப் பக்கம் ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. டிசம்பர் 3, கோட்டார் சவேரியார் கோயில் திருவிழா, பள்ளிக்கூடம் லீவு. பாட்டா தந்த திருவிழாக் காசை அப்படியே அந்தக் கடைக்குக் கொண்டுபோனேன். கல்லாவில் இருந்த அண்ணன் அதை வாங்கிக்கொண்டு ஐந்து பித்தளை டோக்கன் தந்தார்.

"ரூபாயையே போட்டா என்ன அண்ணே?"

"மெஷின் எடுக்காது மக்கா."

ஏன் எடுக்காது என்பது பிறகுதான் தெரிந்தது. காசு போடும் துளைக்குப் பின்னால் இருக்கும் கருவி, விழுவதன் விட்டத்தையும் தடிமனையும் எடையையும் வைத்துத்தான் அதை ஏற்கும். நம் ரூபாயோ அளவு மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 1992-ல் வந்த ஸ்டீல் ஒரு ரூபாய் 25 மில்லிமீட்டர். 2011-ல் வந்தது 22. டோக்கனுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆட்டத்தின் விலையைக் கூட்டினாலும் மெஷினில் கை வைக்க வேண்டாம், கல்லாவில் விலையை மாற்றினால் போதும்.

கடைக்காரருக்கு இதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. டோக்கனை வாங்கிய நொடியே பணம் அவருடையது, நாம் விளையாடினாலும் சரி, விளையாடாவிட்டாலும் சரி. அன்று நான் மூன்றைத்தான் போட்டேன். மிச்சம் இரண்டோடு அடுத்த முறை போனபோது கடையே இல்லை. அந்த இரண்டும் இன்னும் என் மேசை டிராயரில் இருக்கின்றன.

கேமுக்குள் கிடைக்கும் நாணயம் வேறு ஜாதி. 1985-ல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸில் 100 நாணயம் சேர்த்தால் ஒரு லைஃப் கூடும். ஒரே டிவி, ஒரே கேசட், செத்தால் அடுத்தவன் கைக்குப் போகும் என்று நாலு பேர் உட்கார்ந்து ஆடிய எங்களுக்கு அந்த ஒரு லைஃப் எவ்வளவு பெரிது தெரியுமா! 90 தாண்டியதும் எல்லோரும் சேர்ந்து எண்ணுவோம். அந்த நாணயங்கள் வழியும் காட்டும். வளைவாகத் தொங்கினால் அங்கே குதிக்க வேண்டும் என்று அர்த்தம். ஒரு வார்த்தை எழுதாமல் சொல்லிக்கொடுத்துவிடும்.

கல்லூரி நாட்களில் நண்பன் கம்ப்யூட்டரில் சோனிக் ஆடியபோது இன்னும் வியந்தேன். 1991-ல் தொடங்கிய அந்த கேமில் கையில் ஒரே ஒரு வளையம் இருந்தாலும் அடிபட்டால் சாக மாட்டோம். வளையங்கள் சிதறும், ஓடிப் போய்ச் சிலவற்றைத் திரும்பப் பொறுக்கலாம். சேர்த்தது நம்மைக் காப்பாற்றுகிறது. என்னைப் பொறுத்தவரை சேகரிப்பு என்றால் அதுதான்.

இப்போது மொபைல் கேம்களில் நிஜப் பணத்துக்கு விற்கும் டைமண்ட் என்ற கேம் காசைப் பார்க்க மரியோ நாணயம் போல இருக்கும், ஆனால் வேலை செய்வது வடசேரி டோக்கன் போல. பணம் முன்கூட்டியே போய்விடும். வேண்டிய அளவுக்கு வாங்க முடியாது, அவர்கள் வைத்த கட்டாகத்தான் வாங்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மிஞ்சும். அந்த மிச்சம் வீணாகக் கூடாதே என்று அடுத்த கட்டையும் வாங்கத் தோன்றும். பெரியவர்களுக்கே கணக்கு தப்பும் இடத்தில் பிள்ளைகளை நிறுத்துவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

மார்த்தாண்டத்தில் இருக்கும் அக்கா மகன் போன லீவுக்கு வந்தபோது, "மாமா, டைமண்ட் வாங்கித் தாங்க" என்றான். எத்தனை ரூபாய் என்று கேட்டேன். எத்தனை டைமண்ட் என்று சொன்னான். ரூபாய்க் கணக்கு அவனுக்குச் சட்டென்று வரவில்லை.

டிராயரைத் திறந்து அந்த இரண்டு டோக்கன்களையும் அவன் கையில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஒண்ணு எவ்வளவு மாமா?" என்று கேட்டான். ஐந்து வாங்கியது நன்றாக நினைவிருக்கிறது. என்ன விலை என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.