அமால்ஃபி கடற்கரையில் மூன்று இரவு: அறையை எந்த ஊரில் பிடிப்பது?

கேள்வி: ஜூன் மாதம் ரோமிலிருந்து அமால்ஃபி கடற்கரைக்குப் போய் மூன்று இரவு தங்கப் போகிறோம். நாங்கள் இருவர், ஒன்பது வயது மகன், முழங்கால் வலியுள்ள அம்மா. பொசிட்டானோ படங்களைப் பார்த்ததிலிருந்து தங்கினால் அங்கேதான் என்று மனைவி பிடிவாதமாக இருக்கிறார். சொரென்டோ போதும் என்கிறார் நண்பர். வாடகையில் ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம். எதைப் பிடிப்பது?

பதில்: அம்மாவின் முழங்காலை வைத்துப் பார்த்தால் இரண்டையும் விட்டுவிட்டு சலேர்னோவைப் பாருங்கள். கடலைப் பார்த்தபடிதான் கண் விழிக்க வேண்டும் என்றால் மினோரி அல்லது மையோரி.

மூன்று இரவு என்றால் கையில் இருப்பது இரண்டு முழுப் பகல்தான். வந்து சேரும் நாளும் கிளம்பும் நாளும் பெட்டி தூக்குவதிலேயே போய்விடும். ஆகவே ஊரின் அழகைப் பார்க்கும் முன், ரயிலையும் படகையும் நடந்தே பிடிக்க முடிகிற ஊரா என்று பாருங்கள். அமால்ஃபி கடற்கரையின் பெரும்பாலான ஊர்களில் ரயில் கிடையாது. மலைச்சரிவைக் குடைந்து போட்ட ஒரே சாலை, எஸ்எஸ்163. ரயில் நிற்பது இரண்டு முனைகளில்: மேற்கே சொரென்டோ, கிழக்கே சலேர்னோ.

ரோம் தெர்மினியிலிருந்து சலேர்னோவுக்கு அதிவேக ரயில் நேராகவே போகிறது, சுமார் 2 மணி நேரம். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் பியாத்சா தெல்லா கோங்கோர்தியா படகுத்துறை சில நிமிட நடை, தரை சமம். அங்கிருந்து அமால்ஃபி 35 நிமிடம், பொசிட்டானோ 70 நிமிடம். ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான் படகு முறையாக ஓடும். சொரென்டோவுக்குப் போக நேப்பிள்ஸில் இறங்கி, நிலையத்தின் கீழ்த்தளத்தில் சிர்கும்வெசுவியானா ரயிலுக்கு மாற வேண்டும். இன்னும் 70 நிமிடம். இருக்கை முன்பதிவு கிடையாது, ஜூனில் நெரிசலும் புழுக்கமும் சேர்ந்துகொள்ளும். நான்கு பேர், நான்கு பெட்டி, நின்றுகொண்டே பயணம் என்று கற்பனை செய்து பாருங்கள்.

சொரென்டோ மோசமான ஊர் இல்லை. பொம்பே இடிபாடுகளும் காப்ரி தீவும் உங்கள் பட்டியலில் முதலில் இருந்தால் அதுவே சரியான தேர்வு: பொம்பே அதே ரயில் பாதையில் இருக்கிறது, காப்ரி படகில் அரை மணிக்குள். ஆனால் ஊர் செங்குத்துப் பாறையின் மேல், துறைமுகம் கீழே. மணல் கடற்கரை என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றுமில்லை. கடலுக்குள் நீட்டிய மேடைகளில் படுத்து வெயில் காய்வார்கள். மகன் மணல் வீடு கட்ட நினைத்தால் ஏமாந்துபோவான்.

பொசிட்டானோ என்பது மலையில் செருகிய படிக்கட்டு. பேருந்து நிற்பது மேலே, கியேசா நுவோவா, ஸ்போந்தா என்ற இரண்டு நிறுத்தங்களில். அங்கிருந்து அறைக்கு இறங்குவதும் திரும்ப ஏறுவதும் பல இடங்களில் நூற்றுக்கணக்கான படிகள். காசு கொடுத்தால் பெட்டியைச் சுமக்க ஆள் கிடைக்கும், அம்மாவைச் சுமக்கக் கிடைக்காது. அதே பொசிட்டானோவுக்குப் படகில் போனால் பெரிய கடற்கரையின் ஓரத்திலேயே இறங்குவீர்கள். மனைவி ஆசைப்பட்ட அந்தப் படக்காட்சி இறங்கிய இடத்திலேயே தலைக்கு மேல் அடுக்கடுக்காக நிற்கும். அம்மா கீழே நிழலில் உட்கார, மற்றவர்கள் ஏறிவிட்டு வரலாம். சரியாகச் சொன்னால், அந்தக் காட்சி கடலிலிருந்துதான் தெரியும். ஊருக்குள் தங்கினால் எதிர்வீட்டுக் கூரை தெரியும்.

பேருந்தை நம்பித் தங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சொரென்டோ–அமால்ஃபி தடத்தில் வண்டி சொரென்டோவிலோ அமால்ஃபியிலோ கிளம்பும்போதே நிரம்பிவிடும். கோடையில் நடுவழி ஊர்களில் நிற்காமலே போவதும் உண்டு. பிராயானோ அமைதியான, விலை குறைந்த ஊர் என்று பலர் பரிந்துரைப்பார்கள். உண்மைதான், ஆனால் அது பொசிட்டானோவுக்கும் அமால்ஃபிக்கும் நடுவில். எந்தப் பக்கமிருந்து வந்தாலும் வண்டி நிறைந்தே வரும். பேருந்துதான் துணை என்றால் தடம் தொடங்கும் ஊரில் தங்குங்கள். டிக்கெட்டை ‘டி’ எழுத்துப் பலகை தொங்கும் புகையிலைக் கடையில் முன்கூட்டியே வாங்கி, ஏறியதும் இயந்திரத்தில் பதியவையுங்கள். சொரென்டோவிலிருந்து போகும்போது வலப்பக்க இருக்கையில்தான் கடல். வளைவுகளில் குமட்டல் வருபவர் முன்பக்கம் உட்காரட்டும்.

சலேர்னோவின் குறையையும் சொல்லிவிட வேண்டும். அது ஒரு சாதாரண வேலைநாள் நகரம். ஜன்னலைத் திறந்தால் அஞ்சலட்டை தெரியாது. மாலையில் கடைசிப் படகு எப்போது என்று காலையிலேயே பார்த்துவைக்காவிட்டால், அமால்ஃபியிலிருந்து ஒன்றேகால் மணி நேரம் பேருந்தில் வளைந்து வளைந்து திரும்ப வேண்டியிருக்கும். கடல் கொந்தளித்தால் அன்றைய படகுகள் ரத்தாகும், அப்போதும் அதே பேருந்துதான். மினோரியிலும் மையோரியிலும் இந்தக் கவலை குறைவு: இரண்டுமே அமால்ஃபிக்குப் பக்கம், கரையோரத் தெருக்கள் ஓரளவு சமதளம், படகும் நிற்கும். அந்தக் கரையிலேயே நீளமான கடற்கரை மையோரியில்தான். ரவெல்லோ கடல் மட்டத்திலிருந்து 350 மீட்டருக்கு மேல். பகலில் போய்வரலாம், இந்தக் குடும்பத்துக்குத் தங்க ஏற்றதல்ல.

கேள்வி: ‘கடற்கரை 150 மீட்டர்’, ‘கடல் காட்சி’ என்று போட்டிருக்கிறார்கள். நம்பலாமா?

பதில்: 150 மீட்டர் பொய்யாக இருக்காது, வரைபடத்தில் நேர்கோடு போட்டு அளந்தது. செங்குத்தாக 80 மீட்டர் இறங்க வேண்டும் என்பதை அந்தக் கோடு சொல்லாது. பணம் கட்டும் முன் விடுதிக்காரருக்கு எழுத்தில் மூன்று கேள்வி அனுப்புங்கள். கார் அல்லது பேருந்து நிற்கும் இடத்திலிருந்து அறைக் கதவு வரை எத்தனை படி, ஏறுமுகமா இறங்குமுகமா? கட்டடத்தில் லிஃப்ட் உண்டா, அது தெருமட்டத்திலிருந்தே தொடங்குகிறதா? அறைக்குள்ளேயே படி உண்டா? கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. பழைய வீடுகளில் படுக்கை மேல்பரணில் இருக்கும், கழிப்பறை கீழே இருக்கும்.

‘சில படிகள்’ என்று பதில் வந்தால் எண்ணைக் கேளுங்கள். எண்ணைச் சொல்லத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள். விருந்தினர் கருத்துகளில் ‘ஸ்காலினி’, ‘ஸ்காலே’ (படிகள், படிக்கட்டு) என்ற சொற்களைத் தேடினால் இத்தாலியர்களே புலம்பியிருப்பது கிடைக்கும். படிக்குப் பழகியவர்களே புலம்பினால் அது நிஜமான படி.

காட்சி விஷயத்தில் ‘விஸ்தா மாரே’ என்றால் கடல் காட்சி; பக்கத்தில் ‘பார்சியாலே’ அல்லது ‘லாத்தெராலே’ ஒட்டியிருந்தால் ஓரமாகக் கழுத்தை நீட்டித்தான் பார்க்க வேண்டும். பொது மொட்டைமாடியிலிருந்து எடுத்த படத்தை அறையின் படத்தோடு கலந்து போடுவதும் வழக்கம். நீங்கள் பிடிக்கும் அறை வகையின் பெயரிலேயே ‘கடல் காட்சி’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். விடுதி விவரத்தில் மட்டும் இருந்தால் அது உங்கள் அறைக்குப் பொருந்தாது.

இன்னொன்று: கடற்கரைக்குப் பக்கத்தில் என்பதால் கடற்கரை இலவசம் என்று ஆகாது. குடையும் சாய்வு நாற்காலியும் போட்ட பகுதி தனியார் ‘லீதோ’, நாள் வாடகை உண்டு. ‘ஸ்பியாஜ்ஜா லீபெரா’ என்பதுதான் இலவசப் பகுதி, பெரும்பாலும் ஓரத்தில் குறுகலாக. பொசிட்டானோவிலும் அமால்ஃபியிலும் காலடியில் கூழாங்கல். ரப்பர் செருப்பு எடுத்துப் போங்கள்.

கேள்வி: தளத்தில் காட்டும் விலைக்கும் கடைசியில் கட்டும் தொகைக்கும் ஏன் பொருந்துவதில்லை? பாஸ்போர்ட் படம் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

பதில்: இத்தாலியில் நகராட்சிகள் தங்கல் வரி வசூலிக்கின்றன. ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று ஊரையும் விடுதித் தரத்தையும் பொறுத்து மாறும். குழந்தைகளுக்கு எந்த வயதுவரை விலக்கு என்பதும் ஊருக்கு ஊர் வேறு. பெரும்பாலும் விடுதியிலேயே நேரில் கட்ட வேண்டும், சிலர் ரொக்கமாகத்தான் வாங்குவார்கள். அடுக்குமாடி வீடு என்றால் சுத்தம் செய்யும் கட்டணம் தனி. அது ஒரு முறைதான் என்பதால், ஒரு வாரம் தங்குபவருக்கு உறைக்காது, மூன்று இரவுக்காரருக்கு உறைக்கும்.

கணக்கைப் போட்டே பார்க்கலாம், எண்கள் உதாரணத்துக்குத்தான். இரவுக்கு 140 யூரோ என்றால் மூன்று இரவுக்கு 420. சுத்தக் கட்டணம் 60. வரி ஆளுக்கு 3 யூரோ, பெரியவர் மூவர், மூன்று இரவு: 27. மொத்தம் 507, அதாவது இரவுக்கு 169. இப்போது காலை உணவும் வரியும் சேர்த்து 165 கேட்கும் சின்ன ஹோட்டல் மலிவாகிவிட்டது. இரவு எட்டு ஒன்பது மணிக்கு மேல் வந்தால் சாவி கொடுக்கத் தனிக் காசு கேட்கும் வீடுகளும் உண்டு. உங்கள் ரயில் நேரத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பாஸ்போர்ட் கேட்பது சட்டப்படிதான். தங்குபவர் விவரத்தைக் காவல்துறையின் இணையதளத்தில் 24 மணி நேரத்துக்குள் பதிய வேண்டியது விடுதிக்காரரின் கடமை. வந்திறங்கியபின் நேரில் காட்டுகிறேன் என்று சொல்லலாம். வீடு உண்மையானதா என்று பார்க்க ஒரு வழி: குறுகியகால வாடகை வீடுகளுக்குத் தேசிய அடையாளக் குறியீடு கட்டாயம், 2025 ஜனவரி 1 முதல் மீறினால் அபராதம். ‘சின்’ என்று சுருக்கமாகச் சொல்லும் அந்தக் குறியீடு ‘ஐடி’ (IT) என்ற எழுத்துகளில் தொடங்கும், விளம்பரத்திலேயே போட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏன் என்று கேளுங்கள். முன்பதிவு முடிந்தபின் வாட்ஸ்அப்பில் ‘அட்டையை மீண்டும் சரிபார்க்கவும், இல்லையேல் ரத்தாகும்’ என்று இணைப்பு வந்தால் தொடவே தொடாதீர்கள். இப்போது அதிகம் நடக்கும் மோசடி இதுதான். சந்தேகமிருந்தால் முன்பதிவு செய்த செயலியைத் திறந்து அதன் வழியாகவே விடுதிக்காரரிடம் கேளுங்கள்.

கேள்வி: வாடகைக் கார் எடுத்தால் ஊர் எதுவானாலும் பரவாயில்லையே?

பதில்: வேண்டாம். சாலை குறுகல், எதிரே பேருந்து வந்தால் பின்வாங்க வேண்டும். பருவ நாட்களின் வார இறுதிகளிலும் ஆகஸ்ட் முழுவதும் காலை 10 முதல் மாலை 6 வரை, எண் பலகையின் கடைசி இலக்கம் ஒற்றையா இரட்டையா என்பதைப் பொறுத்து ஒருநாள் விட்டு ஒருநாள் வெளியூர் வண்டிகளுக்குத் தடை. நிறுத்தக் கட்டணம் அறை வாடகைக்குப் பக்கத்தில் போய் நிற்கும். அனுமதியில்லாத வண்டிகள் நுழையக்கூடாத ‘இசட்டிஎல்’ பலகையுள்ள தெருவில் தெரியாமல் நுழைந்தால் கேமரா படம் பிடிக்கும். ஊர் திரும்பி மாதங்கள் கழித்து அபராதமும், அதைக் கையாண்டதற்குக் கார் நிறுவனத்தின் கட்டணமும் சேர்ந்து வரும். இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும்.

கேள்வி: விசா இன்னும் வரவில்லை. திருப்பித் தராத கட்டண அறை மலிவாக இருக்கிறது. எடுத்துவிடலாமா?

பதில்: இந்தியப் பாஸ்போர்ட் என்றால், பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா விண்ணப்பத்தில் எல்லா இரவுக்கும் தங்குமிட ஆதாரம் காட்ட வேண்டும். இலவச ரத்து உள்ள அறையை இப்போது பிடித்து அதையே காட்டுங்கள். விசா வந்தபின், ரத்துக் கெடுவுக்குள், மலிவான அறை கிடைத்தால் மாறிக்கொள்ளலாம். கெடு இத்தாலிய நேரப்படி. கோடையில் அது இந்திய நேரத்துக்கு மூன்றரை மணி பின்னால். இத்தாலி இரவுகளையே ரத்து செய்துவிட்டு வேறு நாட்டில் கூடுதல் நாள் தங்குவது மட்டும் கூடாது. அதிக நாள் தங்கும் நாட்டிடம்தான் விசா கேட்க வேண்டும் என்பது விதி, எல்லையில் கேட்டால் பதில் சொல்ல வேண்டிவரும்.

கேள்வி: எங்களுக்கு இரண்டு இரவுதான், அதுவும் வடமேற்கு இத்தாலியின் கடலோர சிங்குவே தெர்ரேயில். ஐந்து ஊரில் எது?

பதில்: அங்கே கணக்கு வேறு, ஐந்து ஊரிலும் ரயில் நிற்கிறது. படி ஏற முடியாதவர்களுக்கு மொந்தெரோசோ: ஓரளவு சமதளம், நல்ல கடற்கரையும் உண்டு. கோர்னிலியாவை மட்டும் பெட்டியோடு தேர்ந்தெடுக்காதீர்கள். நிலையத்திலிருந்து ஊருக்கு 382 படி, துணைக்கு இருப்பது சின்னப் பேருந்து ஒன்றுதான். வெர்னாத்சாவும் மனரோலாவும் அழகு, ஆனால் அறைகள் சிறியவை, நிலையம் ஊரை ஒட்டியே இருப்பதால் ரயில் சத்தமும் கேட்கும். செலவைக் குறைக்க லெவான்டோ: மொந்தெரோசோவுக்கு ஐந்து நிமிட ரயில், அகலமான கடற்கரை. லா ஸ்பெசியா இன்னும் மலிவு, ஆனால் துறைமுக நகரம். பிசா, ஃபுளோரன்ஸ் பக்கமிருந்து வந்து அந்தப் பக்கமே திரும்புபவர்களுக்கு அதுவே வசதி. எங்கே தங்கினாலும் லெவான்டோ–லா ஸ்பெசியா இடையே எத்தனை முறையும் ஏறி இறங்க விடும் நாள் அட்டை விற்கிறார்கள். ஒரே நாளில் மூன்று நான்கு ஊர் பார்ப்பதானால், அன்றைய தனி டிக்கெட் விலையோடு அதை ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள்.