ஆர் எழுத்தா, வெறும் கோடா? டயர் கேள்வி-பதில்

கேள்வி: கார் டயர் மாற்ற பெங்களூரு ஜே.சி. ரோட்டில் இரண்டு கடை ஏறி இறங்கினேன். ஒருவர் ‘டியூப்லெஸ் என்றாலே ரேடியல்தான்’ என்கிறார். மற்றவர் ‘அது வேறு, இது வேறு’ என்கிறார். யாரை நம்புவது?
– வாசகர், அல்சூர்

பதில்: இரண்டாவது கடைக்காரரை. ரேடியல் என்பது டயருக்குள் நூல் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதைப் பற்றியது. டியூப்லெஸ் என்பது காற்றைப் பிடித்து வைப்பது டியூபா, டயரேவா என்பதைப் பற்றியது. ஸ்கூட்டர் பின்சக்கரத்தில் வரும் 90/100-10 டியூப்லெஸ்தான், ஆனால் ரேடியல் இல்லை. லாரியில் ஓடும் 10.00 ஆர்20 ரேடியல்தான், ஆனால் உள்ளே டியூப் உண்டு.

அடையாளம் டயரின் பக்கவாட்டிலேயே இருக்கிறது. 165/80 ஆர்14 85டி என்று எழுதியிருந்தால், அகலம் 165 மி.மீ. பக்கச்சுவர் உயரம் அதில் 80 சதவீதம், அதாவது 132 மி.மீ. ரிம் 14 அங்குலம். 85 என்பது ஒரு டயர் 515 கிலோ வரை தாங்கும் என்பதற்கான எண். ‘டி’ என்றால் மணிக்கு 190 கி.மீ. வரை. நடுவில் நிற்கும் அந்த ‘ஆர்’தான் ரேடியல். அதே இடத்தில் வெறும் கோடு போட்டிருந்தால் பயாஸ் டயர். லாரிக்காரர்கள் வாயில் ‘நைலான் டயர்’.

பயாஸ் டயரில் நூல் அடுக்குகள் ஒன்றன் மேல் ஒன்றாக எதிரெதிர்ச் சாய்வில், பெருக்கல் குறி மாதிரி படுத்திருக்கும். பக்கச்சுவருக்கும் தரையில் படும் பட்டன் பகுதிக்கும் அதே அடுக்குகள்தான். அதனால் சுவர் நசுங்கும்போது பட்டனும் சேர்ந்து நெளியும், அடுக்குகள் ஒன்றோடொன்று தேய்ந்து சூடு ஏறும். ரேடியலில் நூல்கள் ஒரு பீடிலிருந்து (ரிம்மில் உட்காரும் டயர் விளிம்பு) மறு பீடுக்கு நேராக ஓடும். பட்டனுக்கு அடியில் தனியாக எஃகுக் கம்பிப் பட்டைகள் சுற்றியிருக்கும். சுவர் மட்டும் வளைந்துகொடுக்கும், பட்டன் தரையில் சமமாகப் படியும். சூடு குறைவு, டீசல் மிச்சம், தேய்மானம் மெதுவாக. மிச்சலின் நிறுவனம் 1946-ல் இதற்குக் காப்புரிமை வாங்கி 1949-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று புதுக் கார்கள் எல்லாம் ரேடியலில்தான் வருகின்றன. கடையில் நீங்கள் கேட்க வேண்டியது அளவும் தயாரிப்புத் தேதியும்தான். பக்கவாட்டில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரம்.

கேள்வி: யஷ்வந்த்பூர் மண்டியிலிருந்து சேலத்துக்கு ஆறு சக்கர லாரி ஓட்டுகிறோம். ஆறும் 10.00-20 நைலான். முன்னால் மட்டும் ரேடியல் போட்டால் போதும் என்கிறார் டிரைவர். சரிவருமா?
– வாசகர், பீன்யா

பதில்: உங்கள் வண்டியில் பின்னால் ஜோடிச் சக்கரம் என்பதால் ஓட்டலாம். இதே யோசனையைக் காரிலோ ஜீப்பிலோ செய்துவிடாதீர்கள். முன்னால் ரேடியல், பின்னால் பயாஸ் என்றால் வளைவில் பின்பக்கம் முதலில் வழுக்கும், வண்டி சுழன்றுவிடும். எந்த வண்டியானாலும் ஒரே ஆக்ஸிலில் இரண்டு வகையையும் கலக்கக் கூடாது. ஜோடியில் ஒன்று ரேடியல், ஒன்று நைலான் என்றால் இரண்டும் ஒரே அளவில் நசுங்காது. ஒன்றே பாரம் முழுவதையும் சுமந்து சூடேறி வெடிக்கும்.

உங்கள் தடத்துக்கு ஆறையும் ரேடியலாக மாற்றுவதே லாபம். முழுக்க தார் ரோடு, நீண்ட ஓட்டம், தொப்பூர் இறக்கத்தில் பிரேக் டிரம் சூடு வேறு ரிம் வழியாக பீடுக்கு ஏறும். குவாரி, கட்டுமான இடம் என்று கல்லில் ஏறி இறங்கும் வண்டியானால் நைலானே இருக்கட்டும் என்போம். அதன் சுவரில் அடுக்குகள் அதிகம், கல் கீறினாலும் லேசில் கிழியாது. 16 பிஆர் (பிளை ரேட்டிங்) என்று எழுதியிருப்பதைப் பார்த்து உள்ளே பதினாறு அடுக்கு இருக்கிறது என்று எண்ண வேண்டாம். அது வலிமைக்கான கணக்கு.

மாற்றும்போது காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று பழைய டியூபைப் போடுவதுதான் வழக்கமான தப்பு. ரேடியலின் சுவர் கூடுதலாக வளையும். நைலானுக்கான டியூப் ஒட்டு போட்ட இடத்தில் விரிசல் விடும். ரேடியல் டியூபும், டியூபுக்கும் ரிம்முக்கும் நடுவில் வைக்கும் ரப்பர் பட்டையான ஃபிளாப்பும் புதிதாகச் சேர்த்தே வாங்குங்கள். 22.5 அங்குல டியூப்லெஸ் டயர் மேல் ஆசை வந்தால் ரிம்மையும் மாற்றியாக வேண்டும். டயரைப் பிடித்து நிறுத்த லாக் ரிங் என்ற தனி இரும்பு வளையம் வைத்த 20 அங்குல ரிம் காற்றைப் பிடிக்காது. அந்த லாக் ரிங் சரியாக உட்காராமல் காற்றடித்தால் தெறித்து ஆளையே கொல்லும். இரும்புக் கூண்டுக்குள் வைத்து அடிக்கும் கடைக்கே போங்கள்.

காற்றைத் தினமும் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். இருக்க வேண்டியதில் 20 சதவீதம் குறைந்த நிலையில் ஓடிய ரேடியலை அப்படியே ஊதக் கூடாது. லாரி ரேடியலில் சுவருக்குள் நூலாக ஓடும் எஃகுக் கம்பிகள் ஒடிந்திருக்கலாம். கழற்றி உள்ளே பார்த்த பிறகே காற்று.

கேள்வி: புது ரேடியல் டயரின் பக்கவாட்டில் லேசாக ஒரு பள்ளம் தெரிகிறது. கடைக்காரர் ‘அப்படித்தான் இருக்கும்’ என்கிறார். ஏமாற்றுகிறாரா?
– வாசகர், விவேக் நகர்

பதில்: இல்லை. நூல் அடுக்கின் இரு முனைகளும் ஒன்றன் மேல் ஒன்று ஏறி ஒட்டும் இடத்தில் நூல் இரட்டிப்பாக இருக்கும். காற்றடித்ததும் சுவரின் மற்ற பகுதி கொஞ்சம் புடைக்கும், இந்த இடம் புடைக்காது. அதுதான் பள்ளமாகத் தெரிகிறது. கவலை வேண்டாம்.

பயப்பட வேண்டியது வீக்கத்துக்கு. மழைத் தண்ணீர் மூடிய பள்ளத்தில் வேகமாக விட்டால் சுவர் ரிம்முக்கும் தரைக்கும் நடுவில் நசுங்கி நூல் அறுந்துவிடும். அந்த இடத்தில் ரப்பர் மட்டுமே காற்றைத் தாங்கும், கோழிமுட்டை போல் வீங்கும். இதற்கு ஒட்டு கிடையாது. ஸ்டெப்னியைப் போட்டு, வீங்கியதைத் தூக்கிப் போடுங்கள். ரிம் விளிம்பு வளைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: கம்பிச் சக்கர பைக்கில் டியூப்லெஸ் டயர் போடலாமா?
– வாசகர், ஸ்ரீராமபுரம்

பதில்: டியூப்லெஸ்ஸாக ஓட்ட முடியாது. ஸ்போக் துளைகள் வழியே காற்று போகும். பீடு நழுவாமல் தடுக்கும் மேடும் சாதாரண ஸ்போக் ரிம்மில் இருக்காது. உள்ளே டியூப் போட்டு ஓட்டுகிறவர்கள் உண்டு. ஆணி ஏறினால் காற்று மெல்ல இறங்கும் என்ற சௌகரியம் அதில் போய்விடும், சூடும் கூடும். டியூப் டயரையே போடுங்கள்.

கேள்வி: கார் டயருக்குக் கயிறு செருகிய பஞ்சர் போதுமா?
– வாசகர், மர்பி டவுன்

பதில்: வீடு வந்து சேரப் போதும். துளை பட்டன் பகுதியில், 6 மி.மீ.க்குள் இருந்தால் டயரைக் கழற்றி உள்ளிருந்து காளான் வடிவ ஒட்டு போடச் சொல்லுங்கள். கயிறு மட்டும் இருந்தால் ஓரமாக ஈரம் இறங்கி எஃகுப் பட்டை துருப்பிடிக்கும், பட்டன் பெயர்ந்துவரும். பக்கச்சுவரில் ஆணி என்றால் எந்த ஒட்டும் வேண்டாம், டயரை மாற்றுங்கள்.