கருமுட்டைக்குப் புரோக்கர் எதற்கு?

கேள்வி: எனக்கு வயது 38. திருமணமாகிப் பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. தானமாகப் பெற்ற கருமுட்டையில்தான் இனி முயல வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முட்டை தரும் பெண்ணை ஏற்பாடு செய்ய ஒரு புரோக்கர் தனியாகப் பணம் கேட்கிறார். புதிதாக வந்திருக்கும் மரபணுப் பரிசோதனையில் ஆண் கருவாகப் பார்த்து வைக்கச் சொல் என்கிறார் மாமியார். இதற்கெல்லாம் சட்டத்தில் இடம் உண்டா? நாளை அந்தப் பெண் வந்து குழந்தையைக் கேட்டால் நான் என்ன செய்வேன்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கரூர் மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அந்தக் கடைசிக் கேள்விதான் என்று தெரிகிறது. அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். குழந்தை உங்களுடையதுதான். 2022 ஜனவரி 25 முதல் நடைமுறையில் இருக்கும் இனப்பெருக்க உதவித் தொழில்நுட்பச் சட்டம், இப்படிப் பிறக்கும் குழந்தையை உங்கள் இருவரின் சொந்தக் குழந்தையாகவே கருதுகிறது. சொத்துரிமை உட்பட எல்லா உரிமையும் அதற்கு உண்டு. முட்டை தந்தவருக்குப் பெற்றோர் என்ற உரிமை கிடையாது. தத்தெடுக்கவும் தேவையில்லை. மனைவி 50, கணவர் 55 வயதுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. உங்கள் கணவரின் வயதை நீங்கள் எழுதவில்லை; அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

புரோக்கருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். தரகர் மூலம் கொடையாளரைப் பிடிப்பதும் கருமுட்டையை விற்பதும் குற்றம். முதல் முறைக்கே 5 முதல் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். மறுபடியும் செய்தால் 3 முதல் 8 ஆண்டுகள் வரை சிறை. கருமுட்டைகளைக் கொடையாளரிடமிருந்து பெற்று மருத்துவமனைக்குத் தரும், பதிவு பெற்ற கருமுட்டை வங்கி வழியாகத்தான் முட்டை வர வேண்டும். தருபவருக்கு 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் தரலாம். ஏழு முட்டைகளுக்கு மேல் எடுக்கக்கூடாது. அவருக்கு 12 மாதக் காப்பீடு எடுத்துத் தருவது உங்கள் பொறுப்பு. அந்தச் செலவை மட்டும் தயங்காமல் செய்யுங்கள். ஊசி போட்டுக்கொண்டு, மயக்க மருந்தில் படுப்பவர் அவர்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2022இல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியின் கருமுட்டைகளை எடுத்து விற்ற கொடுமை வெளிவந்தது. ஆதாரில் வயதை மாற்றி, அவளைப் பெரியவளாகக் காட்டியிருந்தார்கள். பெற்ற தாயே கைதானார். அந்த முட்டைகளுக்காகக் காத்திருந்தவர்களும் உங்களைப் போல ஏங்கியவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். அவள் வயது அவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. தரகர் கொண்டுவரும் பெண் யார், எத்தனையாவது முறையாக வருகிறார் என்பது உங்களுக்கும் தெரியப்போவதில்லை.

இனி மாமியார் விஷயம். கருவைப் பரிசோதிப்பது தவறல்ல. குடும்பத்தில் பரம்பரை நோய் இருந்தால் அதைக் கண்டறியச் சட்டமே அனுமதிக்கிறது. ஆணா பெண்ணா என்று பார்த்து வைப்பதற்கு அனுமதியே இல்லை. செய்து தருபவருக்கு 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, அல்லது 10 முதல் 25 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, கேட்டுப்போகும் குடும்பத்தாருக்கும் மூன்றாண்டு வரை சிறை உண்டு. பதினொரு ஆண்டுகள் நீங்கள் பட்டதெல்லாம் போதாதா, பிறக்கும் முன்பே ஒரு பெண்ணை வேண்டாம் என்றும் சொல்ல வேண்டுமா? இதை நீங்கள் மாமியாரிடம் தனியாகச் சொல்லி மாட்டிக்கொள்ள வேண்டாம். உங்கள் கணவர் சொல்லட்டும்.

மருத்துவமனையில் ஒரு கத்தைத் தாள் நீட்டுவார்கள். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி இருக்கும். பின்னால் வரிசையில் ஆட்கள் நிற்பார்கள், அவசரப்படுத்துவார்கள். "வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வருகிறோம்" என்று சொல்லுங்கள். புரியும் மொழியில் விளக்கச் சொல்லுங்கள். மீதமாகும் கருக்களை என்ன செய்வார்கள் என்ற பகுதியைக் கட்டாயம் படியுங்கள். பத்தாண்டுகள் வரைதான் உறைநிலையில் வைக்கலாம். கரு உங்கள் கருப்பையில் வைக்கப்படும் நிமிடம் வரை ஒப்புதலைத் திரும்பப் பெறவும் உரிமை உண்டு.

அடுத்த முறை போகும்போது, பதிவுச் சான்றிதழ் கண்ணில் படும்படி மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். முட்டை எந்த வங்கியிலிருந்து வருகிறது, அதன் பதிவு எண் என்ன என்று டாக்டரிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சொல்ல மறுத்தால் வேறு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.