சிவப்புப் பக்கம் தள்ளினாலும் சூடு வராத டொல்பின் வான்

கேள்வி: நுவரெலியாவில் பள்ளிக்கூட வான் ஓட்டுகிறேன். 1996ஆம் ஆண்டு டொயோட்டா ஹையேஸ், டொல்பின் என்பார்களே, அதுதான். விடியற்காலை மழையில் பிள்ளைகள் ஏறியதுமே முன்கண்ணாடி வெள்ளையாக மூடிவிடுகிறது. ஒரு கையில் துணியோடுதான் ஓட்டுகிறேன். டேஷ்போர்டில் உள்ள லிவர்களில் எது எதற்கு? சிவப்புப் பக்கம் தள்ளினாலும் சூடு வருவதில்லை.

பதில்: சிவப்பு லிவரைக் கொஞ்சம் மறந்துவிடுங்கள். வண்டிப் படத்துக்குள் வளைந்த அம்பு போட்ட லிவர் ஒன்று இருக்கும். அது உள்காற்று. வெளியிலிருந்து உள்ளே அம்பு வரும் பக்கம், வெளிக்காற்று. கொழும்பில் ஓடிய வான்களில் அந்த லிவர் வருடக்கணக்காக உள்காற்றிலேயே கிடக்கும். ஏசி சீக்கிரம் குளிரும், பஸ் புகையும் உள்ளே வராது. ஆனால் மலையில், நனைந்த சட்டையோடு பத்துப் பதினைந்து பிள்ளைகள் மூச்சு விடும்போது, அந்த ஈரம் வெளியே போக வழியில்லாமல் குளிர்ந்த கண்ணாடியில் போய்ப் படிகிறது. ஆகவே வெளிக்காற்றுக்கு மாற்றுங்கள். அப்புறம் காற்று போகும் இடத்தை முன்கண்ணாடிப் படத்துக்கு வைத்து, காற்றை ஊதும் விசிறியான புளோவரைக் கூட்டுங்கள். பின் பக்கம் ஒரு ஜன்னலை விரலளவு திறந்து வைத்தால், உள்ளே வரும் காற்றுக்கு வெளியேற வழி கிடைக்கும்.

ஏசியையும் ஹீட்டரையும் ஒன்றாகப் போடலாமா என்று பலர் தயங்குவார்கள். தாராளமாகப் போடலாம். காற்று முதலில் ஏசியின் குளிர்ந்த குழாய்களைத் தொட்டு ஈரத்தை அங்கே விட்டுவிட்டு, பிறகு ஹீட்டரில் சூடாகிக் கண்ணாடிக்கு வரும். காய்ந்த சூட்டுக் காற்றைவிட வேகமாகக் கண்ணாடியைத் துடைக்க வேறெதுவும் இல்லை. ஒரு எச்சரிக்கை: டீசலை மிச்சம் பிடிக்க ஏசியைப் போட்டுப் போட்டு நிறுத்தாதீர்கள். நிறுத்தியதும் குழாயில் நிற்கும் ஈரம் காற்றோடு திரும்பி வந்து, வளைவு நடுவில் கண்ணாடியைத் திடீரென்று மூடிவிடும்.

சரி, சூடு ஏன் வரவில்லை? ஹீட்டருக்குத் தனி அடுப்பு கிடையாது. எஞ்சினைச் சுற்றும் சுடுதண்ணீரில் ஒரு பங்கு டேஷ்போர்டுக்குள் உள்ள சிறிய ராடியேட்டருக்குப் போய்த் திரும்புகிறது, அவ்வளவுதான். தாழ்நாட்டு கராஜ்களில், ஹீட்டர் எதற்கு என்று அந்த இரண்டு ஹோஸ்களையும் கழற்றி ஒன்றோடொன்று இணைத்துவிடுவது சாதாரணம். உங்கள் வானிலும் அது நடந்திருக்கும் என்றே நினைக்கிறேன். முதலில் அதைப் பாருங்கள். அப்படி இணைக்கவில்லை என்றால், எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு நிறுத்திவிட்டு, ஹீட்டருக்குப் போகும் ஹோஸ்களை மெல்லத் தொட்டுப் பாருங்கள். இரண்டும் சுட்டால் தண்ணீர் ஓடுகிறது, கோளாறு லிவரின் கேபிளில் இருக்கும்; கழன்றோ துருப்பிடித்தோ போயிருக்கலாம். ஒன்று சுட்டு மற்றது குளிர்ந்திருந்தால் ஹீட்டருக்குத் தண்ணீர் விடும் வால்வு திறக்கவில்லை, அல்லது உள்ளே அடைப்பு. (ராடியேட்டர் மூடியை மட்டும் சூட்டோடு திறக்கவே திறக்காதீர்கள்.)

வெப்பமானி முள் எப்போதும் அடியிலேயே நிற்கிறதா? அப்படியானால், எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரைப் பெரிய ராடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருப்பார்கள். எஞ்சின் சூடேறாவிட்டால் ஹீட்டரும் சூடேறாது, டீசலும் கூடுதலாகக் குடிக்கும். புதிதாக ஒன்று போடுங்கள், பெரிய செலவில்லை. புளோவர் கடைசி வேகத்தில் மட்டும் ஓடினால், அதன் வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும் ரெசிஸ்டர் போய்விட்டது. மோட்டாரை மாற்றச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

ஹோஸ்களைத் திரும்ப இணைக்கும் முன் அந்தச் சிறிய ராடியேட்டரைத் தண்ணீர் விட்டுக் கழுவச் சொல்லுங்கள். பல வருடம் காய்ந்து கிடந்தது ஒழுகலாம். இணைத்து ஒரு வாரம் முன்சீட் கால்விரிப்பைத் தொட்டுப் பாருங்கள். ஈரம், இனிப்பான வாடை, கண்ணாடியின் உள்பக்கம் துடைத்தாலும் போகாத பிசுக்கு, இவற்றில் எது தெரிந்தாலும் அது கூலன்ட்தான், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம் ஒழுகுகிறது. உடனே ஹோஸ்களைப் பழையபடி ஒன்றோடொன்று இணைத்துவிட்டு, மாற்று ராடியேட்டர் கிடைக்கும் வரை ஏசியும் வெளிக்காற்றுமாக ஓட்டுங்கள். பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் போட்டு அனுப்பச் சொல்லுங்கள்.