விண்டோஸ் 10-இலிருந்து லினக்ஸுக்கு: பழைய லேப்டாப்பைப் பத்திரமாக மாற்றுவது எப்படி?

கேள்வி: 2016-இல் வாங்கிய லேப்டாப் வைத்திருக்கிறேன். இன்டெல் ஐ5, 6-ஆம் தலைமுறை, 8 ஜி.பி. ரேம், 1 டி.பி. ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 11 ஏறாது என்கிறது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளம் போடலாம் என்றிருக்கிறேன். வங்கி வேலை, வருமான வரி, பிள்ளைகளின் படிப்பு எல்லாமே இதில்தான். ‘லினக்ஸில் வைரஸே வராது, போட்டுவிட்டு மறந்துவிடுங்கள்’ என்கிறார் கடைக்காரர். அது சரியா? எதிலிருந்து தொடங்குவது?

பதில்: கடைக்காரர் சொன்னதில் பாதிதான் சரி. விண்டோஸில் ஒரு மென்பொருள் வேண்டுமென்றால் கூகுளில் தேடி, ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்கி, ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ என்று அழுத்துவோம். வைரஸ் நுழையும் பெரிய வாசல் அதுதான். லினக்ஸ் மின்ட்டில் கிட்டத்தட்ட எல்லா மென்பொருளும் ஒரே களஞ்சியத்திலிருந்து வருகின்றன. அந்தக் களஞ்சியத்தின் பட்டியல் மீது டிஜிட்டல் கையொப்பம் உண்டு. இறக்கியது அந்தப் பட்டியலோடு பொருந்தாவிட்டால் கணினி நிறுவ மறுத்துவிடும். அந்தப் பாதையை விட்டு நீங்கள் விலகாதவரை ஆன்டிவைரஸ் தேவைப்படாது. அதனால் உங்களுக்கு இருப்பது இரண்டு பெரிய வேலைகள்: முதலில் இறக்கும் பிரதி அசல்தானா என்று உறுதி செய்வது, பிறகு அந்தப் பாதையிலேயே இருப்பது. திருட்டுக்கும் டிஸ்க் பழுதுக்கும் தனி ஏற்பாடு வேண்டும்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெல்லில் 8-ஆம் தலைமுறையும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் கேட்கிறது. ஆகவே உங்கள் முடிவு நல்ல முடிவு. மின்ட் 22 வரிசையின் சின்னமன் பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அது உபுண்டு 24.04 என்ற இன்னொரு லினக்ஸ் வெளியீட்டை அடித்தளமாகக் கொண்டது. 2029 ஏப்ரல் வரை பாதுகாப்பு அப்டேட்டுகள் வரும். ‘எப்போதும் புத்தம் புதிய பதிப்பு’ தரும் லினக்ஸ் வகைகளையும் சிலர் பரிந்துரைப்பார்கள். வீட்டுக் கணினிக்கு அவை வேண்டாம். 2024-இல் எக்ஸ்.இஸட். என்ற சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள் யாரோ பின்கதவு (வெளியார் ரகசியமாக நுழையும் வழி) வைத்திருந்தார்கள். தொலைவிலிருந்து லாகின் செய்யும்போது அரை நொடி கூடுதலாக எடுக்கிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற மென்பொருளாளர் துருவிப் பார்த்ததில் மார்ச் 29 அன்று விஷயம் வெளியே வந்தது. அதற்குள் அந்தப் பதிப்புகள் போய்ச் சேர்ந்திருந்தது பெரும்பாலும் சோதனை வெளியீடுகளுக்கும் புதியதை உடனுக்குடன் தரும் வகைகளுக்கும்தான். டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளின் நிலையான வெளியீடுகளுக்கு அவை வரவே இல்லை.

விண்டோஸை அழிக்காதீர்கள், கழற்றி வையுங்கள்

ஒரே டிஸ்க்கில் விண்டோஸையும் லினக்ஸையும் சேர்த்து வைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். டிஸ்க் முழுவதையும் பாஸ்வேர்டால் பூட்டுவது (என்கிரிப்ஷன்) அதில் சிக்கலாகிவிடும். விண்டோஸ் அப்டேட்டும் அவ்வப்போது பூட் வரிசையைக் குழப்பும். 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. ஒன்று வாங்குங்கள், 7 மி.மீ. தடிமன். 256 ஜி.பி. போதும், படங்கள் நிறைய இருந்தால் 500. கூடவே, பழைய டிஸ்க்கை வெளியிலிருந்து இணைக்க ஒரு யு.எஸ்.பி. டிஸ்க் கேஸிங். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு இதை மாட்டினால் வேகமும் கண்கூடாகத் தெரியும், ஏதாவது தவறினால் பழைய விண்டோஸ் அப்படியே அலமாரியில் இருக்கும். டேலி போன்ற விண்டோஸ் மென்பொருளை நம்பித் தொழில் செய்பவர்களுக்கும் இதுவே நிம்மதியான வழி.

கழற்றுவதற்கு முன் இரண்டு காரியங்கள் உண்டு. செட்டிங்ஸில் ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ அல்லது பிட்லாக்கர் என்ற விண்டோஸின் டிஸ்க் பூட்டு இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பலருக்கு அது தெரியாமலே இயங்கிக்கொண்டிருக்கும். இருந்தால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் அந்த டிஸ்க்கை வெளியே திறக்க முடியாது. கழற்றுவதற்காகக் கடைசியாக அணைக்கும்போது, ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுங்கள். வழக்கமான ஷட்டவுனில் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, பாதித் தூக்கத்தில் நிற்கும். அந்த நிலையில் கழற்றிய டிஸ்க்கை லினக்ஸ் படிக்க மட்டும் அனுமதிக்கும், அல்லது திறக்கவே மறுக்கும். ‘டிஸ்க் கெட்டுவிட்டது’ என்று பலர் பதறுவது இந்த இடத்தில்தான்.

இறக்கிய கோப்பு அசல்தானா?

கழற்றுவதற்கு முன், விண்டோஸ் இன்னும் ஓடும்போதே செய்ய வேண்டியது இது. மின்ட் தளத்திலிருந்து ஐ.எஸ்.ஓ. கோப்பை (நிறுவுவதற்கான முழுப் பிரதி) இறக்குங்கள், சுமார் 3 ஜி.பி. இருக்கும். 2016 பிப்ரவரி 20 அன்று அந்தத் தளத்துக்குள்ளேயே ஆட்கள் புகுந்து, மின்ட் 17.3 சின்னமன் பதிப்பின் இணைப்பைப் பின்கதவு வைத்த போலிக் கோப்புக்குத் திருப்பிவிட்டார்கள். அன்று இறக்கி நிறுவியவர்களின் கணினி முதல் நொடியிலிருந்தே அடுத்தவர் கையில். ஆகவே சோதிக்காமல் நிறுவவே கூடாது.

7-ஜிப் என்ற சுருக்கக் கருவி நிறுவியிருந்தால், ஐ.எஸ்.ஓ. கோப்பின் மேல் வலது க்ளிக் செய்து ‘சி.ஆர்.சி. ஷா’ பட்டியலில் ஷா-256-ஐத் தேர்ந்தெடுங்கள். ஓரிரு நிமிடத்தில் 64 எழுத்து நீளத்தில் ஒரு சரம் வரும். அதை மின்ட் வெளியிட்டிருக்கும் சரத்தோடு ஒப்பிடுங்கள். முதல் நான்கும் கடைசி நான்கும் ஒத்துப்போனால் போதும் என்று விடாதீர்கள், முழுதாகப் பாருங்கள். நோட்பேடில் ஒன்றன் கீழ் ஒன்றாக ஒட்டினால் கண்ணுக்கு எளிது. தளத்தையே மாற்றக்கூடியவரால் அந்தப் பக்கத்தில் இருக்கும் சரத்தையும் மாற்ற முடியும். அதனால் அதே சரத்தை அதே கோப்புகளின் நகலை வைத்திருக்கும் வேறொரு நாட்டின் மிரர் சர்வரிலும் எடுத்து ஒப்பிடுங்கள். சரம் பொருந்தாவிட்டால் பெரும்பாலும் பதிவிறக்கம் பாதியில் அறுந்ததுதான் காரணம். இன்னொரு மிரரிலிருந்து மறுபடி இறக்குங்கள்.

பிறகு 8 ஜி.பி. பென் டிரைவில் ரூஃபஸ் என்ற கருவி மூலம் எழுதுங்கள். உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். ஐ.எஸ்.ஓ. முறையில் எழுதியது பூட் ஆகவில்லை என்றால் டி.டி. முறையில் மீண்டும் எழுதிப் பாருங்கள்.

நிறுவும் நாள்

பூட் பட்டியலுக்கு டெல், லெனோவோவில் எஃப்12, எச்.பி.யில் எஃப்9, ஆசஸில் எஸ்கேப். ஏசரில் எஃப்12-ஐ முதலில் பயாஸில் இயக்க வேண்டியிருக்கும். மின்ட் பென் டிரைவிலிருந்தே ஓடும். உடனே நிறுவாமல் வைஃபை, ஒலி, கேமரா, மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று அரைமணி நேரம் பாருங்கள். டிஸ்க்கே தெரியவில்லை என்றால் பயாஸில் சாட்டா அமைப்பு ‘ரெய்டு’ அல்லது ‘ஆர்.எஸ்.டி.’ என்று இருக்கும், அதை ‘ஏ.எச்.சி.ஐ.’ ஆக்குங்கள்.

செக்யூர் பூட் என்பது, கையொப்பமில்லாத மென்பொருள் கணினி தொடங்கும்போதே நுழையாமல் தடுக்கும் வசதி. அதை அணைக்கச் சொல்லும் பழைய குறிப்புகள் இணையத்தில் ஏராளம். அணைக்காதீர்கள், மின்ட் அதோடு ஒத்துப்போகும். மல்டிமீடியா கோடெக்கை (வீடியோ, பாட்டு ஓட உதவுபவை) தேர்ந்தெடுத்ததும் நிறுவி, செக்யூர் பூட்டுக்காக ஒரு பாஸ்வேர்டு கேட்கலாம். அது ஒரே ஒரு முறைதான் பயன்படும். மறுதொடக்கத்தில் ஒரு நீலத் திரை வரும். பலர் இதை ஏதோ கோளாறு என்று நினைத்து ‘கன்டினியூ பூட்’ அழுத்திவிடுகிறார்கள். அழுத்தினால் சில வைஃபை சிப்களின் டிரைவரும் என்விடியா டிரைவரும் ஏறாமல் நின்றுவிடும். ‘என்ரோல் எம்.ஓ.கே.’, ‘கன்டினியூ’, ‘யெஸ்’ என்று போய் அந்த பாஸ்வேர்டைக் கொடுங்கள். சில நொடிகளில் தானாகப் போய்விடும் திரை அது, கணினி பக்கத்திலேயே இருங்கள்.

பின்னால் சேர்க்க முடியாத ஒன்று இந்த நாளில் இருக்கிறது: டிஸ்க் முழுவதையும் பூட்டுவது. ‘இரேஸ் டிஸ்க்’ தேர்ந்தெடுத்து, அதன் கீழுள்ள ‘அட்வான்ஸ்டு ஃபீச்சர்ஸ்’ பொத்தானில் எல்.வி.எம்.-ஐயும் என்கிரிப்ஷனையும் குறியிடுங்கள். இதை விட்டுவிட்டால் பிறகு மறுபடி நிறுவுவதுதான் நடைமுறை வழி. உங்கள் ஐ5-இல் இதற்கான வன்பொருள் வசதி இருப்பதால் வேகம் குறைவது தெரியாது. லேப்டாப் திருடு போனாலும், ரிப்பேருக்குக் கொடுத்தாலும், உள்ளே இருக்கும் பான் அட்டைப் படமும் வங்கி ஸ்டேட்மென்டும் அப்போது நீங்கள் வைக்கும் கடவுச்சொல் இல்லாமல் யாருக்கும் திறக்காது. உங்களுக்கும் திறக்காது, ‘ஃபர்காட் பாஸ்வேர்டு’ என்ற கதவு இங்கே கிடையாது.

ஆகவே நினைவில் நிற்கும் சொல்லாக வையுங்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐந்தாறு தமிழ்ச் சொற்களை ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி விட்டு எழுதினால் போதும்: திண்ணை, பெருங்காயம், கொக்கு, சாவிக்கொத்து என்பதுபோல. எடுத்துக்காட்டுச் சொற்களை அப்படியே எடுத்துவிடாதீர்கள். திருக்குறள் வரி, சினிமாப் பாட்டு வரி கூடாது. கடவுச்சொல் உடைப்பவர்களின் பட்டியலில் பிரபலமான வரிகளுக்கு இடமுண்டு. விசைப்பலகைக்கு ‘இங்கிலீஷ், யு.எஸ்.’ தேர்ந்தெடுங்கள். ‘யு.கே.’ அமைப்பில் அட் குறியும் இரட்டை மேற்கோளும் இடம் மாறிவிடும். அந்தக் குறிகள் இருந்தால் சரியான பாஸ்வேர்டே தவறு என்று வரும். சொற்களை ஒரு தாளில் எழுதி, லேப்டாப் பையில் இல்லாமல் பீரோவில் வையுங்கள். இந்தப் பூட்டு கணினி அணைந்திருக்கும்போதுதான் முழுதாக வேலை செய்யும். மூடி மட்டும் வைத்தால் சாவி ரேமிலேயே இருக்கும். பயணத்தில் அணைத்துவிட்டே எடுத்துச் செல்லுங்கள்.

முதல் ஒரு மணி நேரம்

வரவேற்புத் திரையின் ‘ஃபர்ஸ்ட் ஸ்டெப்ஸ்’ பகுதி நல்ல வழிகாட்டி. முதலில், கணினியைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும் டைம்ஷிஃப்ட்: தினசரி 2, வாராந்தரம் 2 ஸ்னாப்ஷாட் (அப்போதைய நிலையின் பிரதி). அதில் உங்கள் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் அடைவைச் சேர்க்காதீர்கள். சேர்த்துவிட்டு, ஒரு அப்டேட் சரியில்லை என்று கணினியைப் பின்னுக்குத் திருப்பினால் நேற்று எழுதிய கடிதங்களும் போய்விடும்.

பிறகு அப்டேட் மேனேஜரில் எல்லாவற்றையும் ஏற்றுங்கள். அதன் ப்ரெஃபரன்சஸில் ‘ஆட்டோமேஷன்’ பகுதிக்குப் போய், அப்டேட் தானாக ஏறுவதையும் பழைய கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) தானாக நீங்குவதையும் இயக்குங்கள். இந்த இரண்டாவதை விடக் கூடாது. பூட்டிய டிஸ்க்கில் பூட் பகுதி மட்டும் தனியாக, சிறியதாக இருக்கும். பழைய கெர்னல்கள் சேரச் சேர அது நிரம்பும். ஒருநாள் ‘இடமில்லை’ என்று அப்டேட் பாதியில் நிற்கும். அன்றிலிருந்து பாதுகாப்புத் திருத்தங்கள் ஒன்றும் ஏறாது.

ஃபயர்வால் இயல்பாக அணைந்தே இருக்கும். திறந்து ‘இன்கமிங்’ டினை, ‘அவுட்கோயிங்’ அலவ் என்று வைத்து இயக்குங்கள். வீட்டு ரவுட்டருக்குப் பின்னால் இதன் பங்கு சிறிது. ரயில் நிலைய வைஃபையில் பெரிது. கணினிகளுக்கிடையே கோப்பு அனுப்பும் வார்பினேட்டர் நின்றுபோனால் 42000, 42001 இரண்டு போர்ட்டுகளைத் திறந்தால் போதும். ஃபயர்வாலை அணைத்துவிட வேண்டாம்.

பிள்ளைகளுக்கு ‘ஸ்டாண்டர்டு’ வகையில் தனிக் கணக்குப் போடுங்கள். மென்பொருள் நிறுவும் உரிமை உங்கள் கணக்கில் மட்டும் இருக்கட்டும்.

பாதையை விட்டு விலகும் இடங்கள்

சாஃப்ட்வேர் மேனேஜரில் ஃப்ளாட்பேக் என்ற மென்பொருள் வகையில் சரிபார்க்கப்படாதவை இயல்பாக மறைத்தே வைக்கப்பட்டிருக்கும். அப்படியே இருக்கட்டும். தமிழ்த் தட்டச்சுக்கு என்.எச்.எம். ரைட்டர் பழகியவர்கள் லினக்ஸில் முதல் நாளே தடுமாறுவார்கள், ஏதோ ஒரு தளத்திலிருந்து ஒரு கருவியை இறக்கிவிடுவார்கள். தட்டச்சுக் கருவி நீங்கள் அடிக்கும் ஒவ்வோர் எழுத்தையும் பார்க்கிறது, வங்கி பாஸ்வேர்டு உட்பட. களஞ்சியத்திலேயே ஐபஸ், ஐபஸ்-எம்17என் என்ற தட்டச்சுக் கருவிகள் இரண்டும் இருக்கின்றன. தமிழ்99-உம் ஒலிபெயர்ப்பு முறையும் அவற்றிலேயே கிடைக்கும்.

இணையத்தில் படித்த கட்டளையை டெர்மினலில் (கட்டளை எழுதும் சன்னல்) ஒட்டுவது அடுத்த ஆபத்து. ‘சூடோ’ என்று தொடங்கும் வரி முழுக் கணினியையும் அந்த வரியை எழுதியவரிடம் கொடுக்கிறது. என்ன செய்யும் என்று புரியாத வரியை ஒட்ட வேண்டாம். ‘நீங்கள் மனிதர்தானா’ என்று சோதிப்பதாகச் சொல்லி டெர்மினலைத் திறக்கச் சொல்லும் பக்கம் வந்தால் அது மோசடிதான், உடனே மூடுங்கள்.

வங்கி அதிகாரி என்று பேசி, தொலைவிலிருந்தே உங்கள் கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க்கை நிறுவச் சொல்பவரிடமிருந்து லினக்ஸ் காப்பாற்றாது. அந்த மென்பொருள் இங்கேயும் ஓடும். போலி வங்கிப் பக்கமும் எல்லா இயங்குதளத்திலும் ஒரே மாதிரிதான் திறக்கும். இதற்குத்தான் பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் கீபாஸ்எக்ஸ்.சி.யும் அதன் ஃபயர்ஃபாக்ஸ் இணைப்பும். முகவரி ஓர் எழுத்து பிசகினாலும் அது பாஸ்வேர்டை நிரப்பாது. நிரப்பவில்லையே என்று கையால் அடிக்காமல், முகவரிப் பட்டையைப் பாருங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

கடைசியாகப் பேக்கப். கழற்றிய பழைய டிஸ்க்கை உடனே அதற்கு எடுக்காதீர்கள், மூன்று மாதம் அப்படியே இருக்கட்டும். அதுவரை வேறொரு வெளி டிஸ்க்கை ‘டிஸ்க்ஸ்’ கருவியில் எக்ஸ்ட்4 ஆக, பாஸ்வேர்டுப் பாதுகாப்போடு ஃபார்மட் செய்து, டேஜா டூப் என்ற பேக்கப் கருவி மூலம் வாரம் ஒருமுறை ஹோம் அடைவைப் பிரதி எடுங்கள். எடுத்து முடித்ததும் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். இடி மின்னலில் லேப்டாப்போடு சேர்ந்து அதுவும் போகக் கூடாது. முதல் பேக்கப் முடிந்த அன்றே ஓர் அடைவின் பெயரை மாற்றி வைத்துவிட்டு, அதைப் பேக்கப்பிலிருந்து மீட்டு, உள்ளே இருக்கும் நான்கைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள்.