கல்யாண வீட்டில் கவுன்சிலரிடம் புகார்

தெருவில் சாக்கடை வழிகிறது, ஞாயிறு கல்யாணத்துக்குக் கவுன்சிலர் வருகிறார், அங்கேயே சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள். மேடையிலோ சாப்பிடும்போதோ வேண்டாம். கிளம்பிக் காருக்கு நடக்கும் அரை நிமிடம் போதும். "இந்தத் தெருவில் சாக்கடை வழியுதுங்க, புகார் எண் இருக்கு, ஆபீசுக்கு எப்ப வரட்டும்?" அவ்வளவுதான். தெருவிளக்கு, குடிநீர் என்று சேர்த்தால் எதுவுமே மனதில் நிற்காது.

மனு அவர் கைக்குப் போனால் சட்டைப்பையோடு மறந்துபோகும். கூட வரும் உதவியாளரிடம் கொடுத்து அவருடைய போன் நம்பர் வாங்குங்கள். அன்றிரவே போட்டோவும் புகார் எண்ணும் அனுப்பி, கவுன்சிலரை எங்கே சந்தித்தீர்கள் என்றும் எழுதுங்கள். புகாரே பதியவில்லை என்றால் முதலில் அதைச் செய்யுங்கள். எண் இல்லாமல் அதிகாரியைக் கேட்க கவுன்சிலருக்கும் பிடி கிடைக்காது. கும்பலாக மட்டும் போகாதீர்கள், பாவம், விசேஷம் அடுத்தவருடையது.