கால்நடை கேள்வி பதில்: ஒட்டகத்தின் விந்து நீரில் என்ன இருக்கிறது?

கேள்வி: மாடு 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வருகிறது. ஒட்டகமோ இணை சேர்ந்த பிறகுதான் கருமுட்டையை வெளிவிடும் என்று படித்தேன். இணை சேர்ந்த செய்தி சினைப்பைக்கு எப்படிப் போகிறது?

பதில்: மாணவனாக இருந்தபோது இதே கேள்வியை நானும் கேட்டேன். "உரசலால் நரம்பு தூண்டப்படுகிறது, முயலும் பூனையும் அப்படித்தானே" என்றார் ஆசிரியர். முயலுக்கும் பூனைக்கும் அது சரி. ஒட்டகத்துக்கு அது போதாது என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

செய்தியைக் கொண்டு போவது விந்து நீர். விந்திலிருந்து உயிரணுக்களை நீக்கினால் மிஞ்சும் திரவம் அது. 1985-இல் சீன ஆய்வாளர்கள் இரட்டைத் திமில் ஒட்டகங்களுக்கு, இணை சேர விடாமல், இந்த நீரை மட்டும் உள்ளே செலுத்திப் பார்த்தார்கள். கருமுட்டை வெளியானது. அப்புறம் 2005-இல் கனடாவின் கிரெக் ஆடம்ஸ், சிலியின் மார்செலோ ராட்டோ குழுவினர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஒட்டகத்தின் தென் அமெரிக்கச் சொந்தங்களான லாமாவுக்கும் அல்பாக்காவுக்கும் அந்த நீரைத் தசையில் ஊசியாகப் போட்டார்கள். கருப்பையை யாரும் தொடவே இல்லை. அப்படியும் பெரும்பாலானவற்றில் முட்டை வெளியானது. இந்தச் சோதனையைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. தசையில் போட்டது வேலை செய்கிறது என்றால், ரத்தத்தில் கலந்து எங்கோ போகிற ஒரு பொருள் அதற்குள் இருந்தாக வேண்டும் அல்லவா?

2012-இல் அந்தப் பொருள் பிடிபட்டது. பீட்டா நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற புரதம். பெயரைப் பாருங்கள், இனப்பெருக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாததுபோல இருக்கிறது. கோழிக் கருவின் நரம்பிழைகள் கதிர் கதிராகக் கிளைப்பதைக் கவனித்து ரீட்டா லெவி-மொண்டால்சினி கண்டறிந்து, 1986-இல் நோபல் பரிசு பெற்றது இதற்காகத்தான். நரம்பை வளர்க்கும் அதே புரதம் இங்கே மூளைக்குத் தகவல் சொல்கிறது. கருப்பைச் சுவர் வழியாக ரத்தத்தில் சேர்கிறது; மூளையின் ஹைப்போதலாமஸ் விழித்துக்கொள்கிறது; அது ஏவ, பிட்யூட்டரி சுரப்பி, முட்டையை வெளியேற்றும் எல்.எச். ஹார்மோனைக் கொட்டுகிறது. ஏறக்குறைய ஒன்றரை நாளில் முட்டை வெளியாகிவிடும். ஆனால் சினைப்பைக்குள் முட்டை வளரும் சிறு பையான முட்டைப்பை முதிர்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் எவ்வளவு புரதம் போனாலும் பலன் இல்லை. உரசலுக்கும் ஒரு பங்கு உண்டு: அல்பாக்காவில் கருப்பையின் உட்சுவரை லேசாகச் சுரண்டிய பிறகு விந்து நீரை வைத்தபோது பலன் கூடியது.

கேள்வி: இந்தப் புரதம் ஒட்டகத்துக்கு மட்டும் உரியதா?

பதில்: இல்லை. காளையின் விந்து நீரிலும் இருக்கிறது. ஆனால் பசு அதற்காகக் காத்திருப்பதில்லை, தன் சுழற்சிப்படி தானாகவே முட்டையை விடுகிறது.

கேள்வி: மாட்டுக்குச் சுலபமாகப் போடும் சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) ஒட்டகத்துக்கு ஏன் கஷ்டம்?

பதில்: ஒட்டக விந்தை முதன்முதலில் கையில் எடுத்தபோது நான் திகைத்துப் போனேன். உறிஞ்சுகுழலில் ஏறவே இல்லை. ஏறிய கொஞ்சமும் நூல் நூலாகத் தொங்கியது. சேகரித்தவுடன் அது கெட்டிக் கூழ்போல இருக்கும், உயிரணுக்கள் அதற்குள் மாட்டிக்கொண்டு நீந்த முடியாமல் துடிக்கும். தானாக இளக நேரம் பிடிக்கும். அல்பாக்காவில் இந்தப் பிசுபிசுப்புக்கு மியூசின் என்ற சளிப் புரதத்தைக் காரணம் காட்டுகிறார்கள். பப்பாளிப் பாலில் உள்ள பப்பாயின் நொதியைச் சேர்த்தால் இளகுகிறது. அளவு மீறினால் உயிரணுவே சிதையும் என்பதால் கை நடுங்காமல் அளக்க வேண்டிய வேலை அது.

சரி, இளக்கியாகிவிட்டது. அடுத்து உயிரணுக்களைப் பிரித்துக் கரைசலில் நீர்க்க வைத்து உறைய வைக்கிறோம். அப்போது விந்து நீரோடு மேலே சொன்ன புரதமும் போய்விடுகிறது. உயிரணு மட்டும் உள்ளே போனால் மூளைக்குச் செய்தி போகாது, முட்டையும் வராது. ஒட்டகத்தின் சினைக்காலமோ ஏறக்குறைய 13 மாதம். ஒரு முயற்சி வீணானால் வளர்ப்பவருக்கு அந்தப் பருவமே போனதுபோல. அதனால்தான் ஒட்டகத்துக்குச் சினை ஊசி போடும்போது, முட்டைப்பை முதிர்ந்திருக்கிறதா என்று ஸ்கேனில் பார்த்துவிட்டு, முட்டையை வெளியேற்றும் ஹார்மோன் ஊசியையும் சேர்த்துப் போடுகிறோம்.